ராத்திரிக்கு லைட்டாக

இரவுக்கு லைட்டாக ஏதாவது போதும் என்ற முடிவு தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் மாலை 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையே எடுக்கப்படுகிறது. எடுப்பவர் அப்போது படுத்திருப்பார். பகலில் கல்யாண இலையோ, காதுகுத்துப் பிரியாணியோ, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்போ உள்ளே போயிருக்கும். வேட்டி தளர்ந்து, கோலி சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துப் பார்த்து, இரண்டும் பலிக்காத நிலையில் அறிவிப்பு வரும்: "எனக்கு ராத்திரிக்கு ஒண்ணும் வேண்டாம். லைட்டா ஏதாவது பண்ணு, போதும்." முதல் வாக்கியத்தை இரண்டாவது வாக்கியம் ரத்து செய்துவிடுவதை வீட்டில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சொன்னால் மூன்றாவதாக ஒரு வாக்கியம் வரும். உண்மையிலேயே லைட்டான இரவு உணவு எது என்பது கீழே உரிய இடத்தில் கூறப்படும்.

காரணம் பந்தியிலிருந்து தொடங்குகிறது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் 20 நிமிடம் ஆகும் என்பார்கள். பந்தியில் அத்தனை அவகாசம் கிடையாது. வத்தக்குழம்பு வரும்போதே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்காரர் நிற்பார். செய்தி போய்ச் சேரும்போது இலை மடிக்கப்பட்டு, வாசலில் ஒரு கையில் ஐஸ்கிரீமும் மறு கையில் பீடாவும் இருக்கும். உட்கார்ந்தே வேலை பார்க்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,110 கலோரி, பெண்ணுக்கு 1,660 கலோரி என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. அதில் ஜாங்கிரிக்கும் நெய் விட்ட பருப்புக்கும் இரண்டாம் முறை வந்த வடைக்கும் எவ்வளவு பற்று எழுதுவது என்று பார்க்க அன்று யாருக்கும் மனம் வராது.

இவ்வளவுக்குப் பிறகும் எட்டு மணிக்குப் பசிக்கிறது. இதற்கு அறிவியல் காரணம் உண்டு. இரைப்பையில் பெரும்பகுதி சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் கண்டறிந்தார்கள். பசியைத் தூண்டும் இது, வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி ரத்தத்தில் கூடும். இரைப்பைக்கு மத்தியான முகூர்த்தத்தைப் பற்றி அக்கறையில்லை. தினமும் எட்டு மணிக்குத் தட்டு வைக்கப்படும் என்பதுதான் அதற்குத் தெரியும். எனவே, பசி பொய் என்று சொல்லிவிட முடியாது. பசியே இல்லாவிட்டாலும் எட்டு மணி வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது உணவைத் தேர்ந்தெடுத்தல். சோறு கூடாது என்பது இங்கே முதல் விதி. இது புதிதாக வந்த விதி அல்ல. அமாவாசை போன்ற நாட்களில் இரவுச் சோற்றை விட்டுவிட்டுப் பலகாரம் சாப்பிடும் வழக்கம் பல குடும்பங்களில் நெடுங்காலமாக உண்டு. அதில் அரிசி உப்புமாவுக்கு அனுமதி உண்டு. அரிசியை முழுதாக வேகவைத்தால் சாப்பாடு, விரதத்துக்கு ஆகாது. அதையே உடைத்து, கடுகும் கடலைப்பருப்பும் தாளித்து, தேங்காய் போட்டுத் தேங்காயெண்ணெய் ஊற்றிக் கிளறினால் விரதம். இந்தச் சட்ட நுணுக்கத்தில் தேர்ந்த சமூகத்துக்குக் கலோரிக் கணக்கு ஒரு பொருட்டல்ல.

இட்லிதான் இருப்பதில் நேர்மையானது. ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லை, ஒன்றுக்கு 50, 60 கலோரிதான் இருக்கும். ஆனால் வெறும் இட்லியை யாரும் சாப்பிடுவதில்லை. மிளகாய்ப்பொடியில் குழி செய்து ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் சுமார் 120 கலோரி, அதாவது இன்னும் இரண்டு இட்லி. முகூர்த்த நாளில் மாவு அரைத்து வைத்திருக்கவும் மாட்டார்கள். ஆகவே, வழக்கம்போல வீட்டார் சப்பாத்திக்கு வந்து சேருகிறார்கள்.

சப்பாத்தி பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கோதுமை இந்தப் பக்கத்தில் மருந்தாக வரவில்லை. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றபோதும், அறுபதுகளின் அரிசிப் பஞ்சத்திலும், அரிசிக்குப் பதிலாகத்தான் கோதுமை தரப்பட்டது. முகம் சுளித்துக்கொண்டுதான் வாங்கினார்கள். 1967 தேர்தலில் படி அரிசி வாக்குறுதி எடுபட்ட ஊர் இது. அதே ஊரில் இன்று சர்க்கரை நோய் வந்ததும் முதலில் வாங்குவது சப்பாத்திக் கட்டை. நோய் வராதவர்களும் முன்னெச்சரிக்கையாக ஒன்று வைத்திருக்கிறார்கள். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. 100 கிராம் கோதுமை மாவில் 340க்கு மேல். கோதுமையில் நார்ச்சத்து கூடுதல் என்பது சரிதான், கலோரியில் மிச்சமாவது ஒரு வாய்கூட இல்லை. ஆனாலும் சோறு என்றால் பாவம், சப்பாத்தி என்றால் பரிகாரம்.

பரிகாரம் நடக்கும் விதம்: மிருதுவாக வர வேண்டும் என்று பிசையும்போது எண்ணெய். தேய்க்கும்போது மடிப்புக்குள் எண்ணெய். கல்லில் போட்டதும் ஓரத்தைச் சுற்றி எண்ணெய். அடுக்கி வைக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மேலே நெய். ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கு 40 கலோரி என்று வைத்தால், 100 கலோரி மாவு தட்டுக்கு வரும்போது 150ஐத் தாண்டியிருக்கும். பிறகு கேள்வி வரும்: "தொட்டுக்க என்ன?" மத்தியான சாம்பார் இருக்கிறது என்று சொல்லிப் பார்க்கலாம். சப்பாத்திக்குச் சாம்பாரா என்று கேட்பார்கள். பருப்புக் கடைசல் சொல்லலாம்; பத்தியமா என்பார்கள். தேங்காய், கசகசா, முந்திரி அரைத்து ஊற்றிய குருமா வைத்த பிறகுதான் வீடு அமைதியாகும். 100 கிராம் தேங்காயில் 350 கலோரிக்குக் குறையாது. முந்திரியில் 550க்கு மேல். குருமாவில் உருளைக்கிழங்கும் விழும், ஏனென்றால் குழந்தைகள் கேட்டார்கள். குழந்தைகள் கேட்டதாகப் பெரியவர்தான் வந்து சொல்வார்.

எண்ணிக்கை இரண்டு என்று முன்பே அறிவிக்கப்பட்டிருக்கும். இரண்டு முடியும்போது தட்டில் குருமா மிஞ்சியிருக்கும்; அதற்காக ஒன்று. அந்த ஒன்றில் பாதி இருக்கும்போது குருமா தீர்ந்துவிடும். அதற்காக ஒரு கரண்டி. கரண்டி கொஞ்சம் தாராளமாக விழுந்துவிட்டால் இன்னொரு சப்பாத்தி, இது சூடாக. ஐந்தாவதில் குருமாவே வேண்டாம், சர்க்கரை தூவி நெய் தடவிச் சுருட்டிக் கொடுத்தால் போதும். ஆகவே அது கணக்கில் சேராது. திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் பத்துக் குறளில் பாதிக்கு மேல் உண்ணும் முறையையும் அளவையும் பற்றியே பேசியிருக்கிறார். தொட்டுக்கொள்வதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது ஒரு குறையாகவே படுகிறது.

இந்த உணவின் எடை சாப்பிடுபவர் பக்கம்தான் குறைவு. சமைப்பவர் பக்கம் நிலைமை வேறு. சோறு வைத்து ரசம் கொதிக்கவிட்டு அப்பளம் சுட்டால் அரை மணியில் அடுப்பை அணைத்துவிடலாம். லைட்டான உணவுக்கு மாவு பிசைந்து, ஊறவைத்து, உருட்டி, ஐந்து பேருக்கு ஆளுக்கு இரண்டு என்று அறிவிக்கப்பட்ட பத்தும் அறிவிக்கப்படாத பத்தும் தேய்த்து, வைகாசி மாதத்துச் சமையலறையில் கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும். சமைப்பவரும் அதே கல்யாணத்துக்குப் போய், அதே பட்டுப்புடவையைக் களைந்து மடித்து வைத்துவிட்டு வந்தவர்தான். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னவர் கூடத்திலிருந்து, "சூடா இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்பார். வட்டமாக வரவில்லையே என்றும் கேட்பார். இந்தப் பகுதியை எழுதியவரின் நகக்கண்ணில் நேற்றைய மாவு இன்னும் போகவில்லை என்பதை வாசகர் கருத்தில் கொள்ளலாம்.

ஓட்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 100 கிராமுக்குச் சுமார் 380 கலோரி, அரிசியைவிடக் கூடுதல். அளவாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் நல்லதுதான். குடிப்பவர்கள் முகத்தைப் பார்த்தால் அது தெரியும். 2023ஐச் சிறுதானியங்களுக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததை அடுத்து சாமைப் பொங்கல் வீட்டுக்கு வீடு பெருகியது. சாமை ஒரு பங்கு என்றால் நெய்யும் முந்திரியும் சேர்ந்து ஏறக்குறைய அதே பங்கு. பழம் மட்டும் சாப்பிடுவதாகச் சொல்பவர்கள் மற்றதையெல்லாம் சாப்பிட்ட பிறகு அதைச் சாப்பிடுகிறார்கள்.

லைட்டான உணவு எது என்ற குறிப்புக்கு வருமுன் மோர்சாதத்தைச் சொல்லியாக வேண்டும். ஐந்து சப்பாத்திக்குப் பிறகு இலேசாக ஒரு சங்கடம் தோன்றும். வயிறு நிறைந்துவிட்டது, ஆனால் சாப்பிட்ட மாதிரி இல்லை. சப்பாத்தி சூடு, குருமா மசாலா, உடம்புக்கு ஆகாது; ஒரு பிடி மோர்சாதம் சாப்பிட்டால் சமன்பட்டுவிடும். ஆகவே மத்தியானமே வடித்து மூடி வைத்திருந்த சோறு, எந்தச் சோறு கூடாது என்று இத்தனை மாவு பிசையப்பட்டதோ அந்தச் சோறு, கிண்ணத்தில் வருகிறது. பிடி என்பது முகத்தல் அளவை. கைக்குக் கை மாறும். மோர்சாதத்துக்கு மாவடு. மாவடு இருந்தால் இன்னொரு பிடி.

பத்து மணிக்குத் தாம்பூலப் பை பிரிக்கப்படும். தேங்காய் சமையலறைக்கும், வெற்றிலை சாமி படத்துக்கும் போகும். லட்டு இருந்தால் நாளைக்குக் கெட்டுவிடும் என்ற அச்சம் எழும். லட்டு அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஆனாலும் பாதி பாதியாகப் பிட்டு எல்லோரும் வாயில் போட்டுக்கொள்வார்கள். பாதி என்பதால் அதையும் யாரும் எண்ணுவதில்லை. படுக்கப்போகுமுன் ஒரு டம்ளர் பால், சர்க்கரை கம்மியாக.

குருமா மிஞ்சினால் மறுநாள் காலைத் தோசைக்கு ஆகும். சப்பாத்தி மிஞ்சுவதில்லை.