மூன்று முடிச்சு போட்ட கிரைண்டர் கம்பெனிக்கு ஒரு வாழ்த்து மடல்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய சேவைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

கல்கத்தா கரியாஹாட்டிலிருந்து ஓர் இட்லிக் குடும்பத்தின் வணக்கம். நேற்று உங்கள் சர்வீஸ் சென்டரில் எனக்கு நடந்த மரியாதைக்கு நன்றி சொல்லவே எழுதுகிறேன். கிரைண்டரில் பெல்ட் தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டுமானால் அடித்தட்டைக் கழற்ற வேண்டும். அதில் மூன்று ஸ்க்ரூ. உங்கள் பையன் முதல் ஸ்க்ரூவைத் திருகினான், அசையவில்லை. எம்பி அழுத்தினான், டிரைவர் துள்ளித் துள்ளி ஸ்டார் தலை மழமழவென்று ஆகிவிட்டது. உடனே டிரைவரை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து, ஜாப் கார்டில் எழுதினான்: ‘கஸ்டமர் வெளியில் கொடுத்துத் திறக்கப் பார்த்திருக்கிறார். வாரன்டி கிடையாது.’ என் கண்ணெதிரே! வரிசையில் நின்றவர்களெல்லாம் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பார்த்ததற்குக் கட்டணம் என்று 350 ரூபாய் வாங்கியது அவர்கள் அல்ல, நீங்கள்.

ராத்திரி உங்களிடமிருந்து குறுஞ்செய்தி: எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார்? இருந்த ஒரு ஸ்டாரையும் உங்கள் பையன் வழித்துவிட்டான், ஐயா.

ஆனாலும் உங்கள் குடும்பப் பாங்கைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. மூன்று ஸ்க்ரூ, மூன்று முடிச்சு. பெல்ட்டுக்கும் அடித்தட்டுக்கும் நீங்கள் செய்து வைத்திருப்பது கல்யாணம். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மிச்சத்தை நாத்தனார் இறுக்குவது எங்கள் வழக்கம். உங்கள் தொழிற்சாலையில் ஸ்க்ரூ மரையில் தடவி இறுக்கச் சிவப்புப் பசைப் புட்டியோடு நிற்கும் அந்த நாத்தனார் யார் என்று தெரிந்தால், நேரில் வந்து தாம்பூலம் கொடுத்துவிட்டுப் போவேன்.

அந்தப் பசையின் பெருமை எனக்குத் தெரியாததல்ல. 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில், ட்ரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னான் க்ரீபிள் உருவாக்கியது. லோக்டைட் என்று உலகம் அறிந்தது. காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை தண்ணீராக இருக்கும். அதனால்தான் புட்டியை நிரப்பாமல் காற்றுக்கு இடம் விட்டு விற்கிறார்கள். மரைக்குள் காற்று இல்லாமல் போய் உலோகம் தொட்டதும் கல்லாகிவிடும். அதிலும் ஜாதி உண்டு. நீலம் போட்டால் சாதாரண ஸ்பேனரால் கழற்றலாம். சிவப்பு போட்டால் சுமார் 250 டிகிரி வரை சூடாக்கி, சூடு ஆறுமுன் கழற்ற வேண்டும். ஆகாய விமானத்துக்கும் லாரி எஞ்சினுக்கும் நியாயம்தான். உளுந்து அரைக்கிற பாத்திரத்துக்கு நாத்தனார் தேர்ந்தெடுத்தது சிவப்பு!

அந்த ஸ்க்ரூ இறங்குவதோ ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை மரையில். அந்தப் பிளாஸ்டிக் 100 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். ஸ்க்ரூ அவிழ 250, வீடு இடிய 100. போதாததற்கு, இந்த வகைப் பசை வழிந்து பட்டால் பிளாஸ்டிக்கே வெடிப்பு விடும் என்று பசைக்காரர்களே எச்சரிக்கிறார்கள். அவிழ்க்கவே முடியாத முடிச்சைப் போடத் தெரிந்த உங்கள் பொறியாளருக்கு ஒரு சால்வை.

கிரைண்டர் அதிரும், ஸ்க்ரூ தளரும் என்பீர்கள். தளரட்டுமே! ஸ்பிரிங் வாஷர் என்று ஒன்று உலகத்தில் இல்லையா? பெல்ட் தேய்கிற பொருள். தேயும் என்று தெரிந்தே அதை அடைத்து, அடைத்த கதவைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டு, ‘பழுதாகிவிட்டதா, புதிது வாங்கு’ என்பதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல. கொள்ளை. அதைச் செய்துவிட்டு உடைத்தது நான் என்று எழுத உங்களுக்கு எப்படி ஐயா கை வந்தது?

மன்னிக்க வேண்டும். தாழ்மையுடன் தொடர்கிறேன்.

பழுது பார்க்கும் உரிமைக்காக டில்லியில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு போட்டது, அதே ஆண்டு டிசம்பர் 24-இல் ஓர் இணையதளமும் திறந்தது. பிரான்சில் 2021 முதல் சில மின்சாதனங்களுக்குப் பழுது பார்க்கும் எளிமையைப் பத்துக்கு மதிப்பெண் போட்டுக் கடையிலேயே ஒட்டுகிறார்கள். கழற்றுவது எவ்வளவு சுலபம் என்பதும் அதில் ஒரு கணக்கு. அந்த மதிப்பெண் இங்கே வரும் நாளில் உங்கள் மாடலுக்கு நாத்தனார் எவ்வளவு வாங்கித் தருவார் என்று ஆவலாக இருக்கிறேன்.

கடைசியில் கரியாஹாட் மேம்பாலத்தடியில், சதுரங்கம் ஆடும் கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி உட்காரும் மிஸ்திரியிடம் போனேன். கிரைண்டரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, “ஹோபே, மாஷிமா, போஷுன்” (ஆகும், சித்தி, உட்காருங்கள்) என்றார். சால்டரிங் அயனின் முனையை ஸ்க்ரூ தலையில் வைத்து, மற்றொரு கையால் பீடி பிடித்தபடி காத்திருந்தார். பிளாஸ்டிக் கருகும் வாசனை. பிறகு பிளையரால் பிடித்து மெதுவாகத் திருக, ஸ்க்ரூ வந்தது. கூடவே பித்தளை மரையும் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வந்தது. முடிச்சு அவிழவில்லை, கழுத்தோடு வந்துவிட்டது. மற்ற இரண்டும் அப்படியே.

பெல்ட் மாற்றி, மூன்று ஓட்டையிலும் நீள போல்ட்டும் நட்டும் ஸ்பிரிங் வாஷரும் போட்டுக் கொடுத்தார். பசை இல்லை. இன்று காலை மாவு ஆட்டினேன், ஒன்றும் தளரவில்லை.

350 ரூபாயைத் திருப்பி அனுப்பவும், ஜாப் கார்டில் எழுதியதை அடித்து எழுதவும், மாடலை நீலத்துக்கு மாற்றவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நிரந்தர வாடிக்கையாளர்
(வேறு வழி வைக்கவில்லையே)

பி.கு.: இந்த மாடல் தென் கல்கத்தாவில் எத்தனை விற்றிருக்கிறது என்று தெரிவித்தால், அந்தக் கணக்குக்கு மிஸ்திரி இப்போதே போல்ட் வாங்கி வைப்பாராம்.