ஒரே ஒரு காசை மட்டும் பிடிக்கத் தெரியாது

மாத்தளை றத்தோட்டைப் பக்கம் தேயிலைக் கொழுந்தெடுக்கும் ஒருத்தியின் சம்பளத் துண்டை வாங்கிப் பாருங்கள். சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் சந்தா, தேயிலைத் தூள், தீபாவளிக்கு வாங்கிய அட்வான்ஸ் எல்லாம் சதம் பிசகாமல் பிடித்திருக்கும். ஏழையிடம் காசு பிடிப்பதில் இந்த நாட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிள்ளைகளை அவள் தலையில் போட்டுவிட்டுக் கொழும்புக்கு ஓடியவனிடம் தாபரிப்புக் காசு பிடிக்க மட்டும் கை நடுங்குகிறது.

சட்டம் இல்லாமலா? 1889ஆம் ஆண்டுத் தாபரிப்புக் கட்டளைச் சட்டத்தில், மணமுடிக்காமல் பெற்ற பிள்ளைக்குத் தாயின் சாட்சி மட்டும் போதாது. அதை உறுதிப்படுத்த வேறு சான்றும் வேண்டும். சாட்சி வைத்துக்கொண்டு பிள்ளை பெறாதது அவள் குற்றம்! 1999இன் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் அதற்கு முடிவுகட்டியது. இப்போது தன் ஊர் நீதவான் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். தாய் தகப்பன் வருமானத்தையும் பிள்ளையின் நிலைமையையும் பார்த்து நீதவான் மாதத் தொகை குறிப்பார். கட்டாதவன் சம்பளத்தில் பிடிக்கலாம். பாக்கி நின்ற ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை உள்ளே போடலாம். (முஸ்லிம் பெண் காதியாரிடம் போக வேண்டும். அங்கே உத்தரவு வாங்கினாலும் காசை அறவிட மறுபடி நீதவானிடம்தான்.)

சம்பளத்தில் பிடிக்கச் சம்பளம் வேண்டுமே! புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவனுக்குக் கூலி கையோடு கை. துண்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. நீதிமன்றக் கடிதம் வந்தால் முதலாளிக்கு அப்படியொருவனைத் தெரியவே தெரியாது. தவணை நாளன்று இருக்கிற சட்டைகளிலேயே பழையதைத் தேடிப் போட்டுக்கொண்டு, விலையுயர்ந்த போனை எதிர்த் தேநீர்க்கடையில் கொடுத்துவிட்டு மாத்தளைக்கு வந்து நிற்பான். “வேல இல்லீங்க ஐயா.” அவன் வருமானம் தீர்மானமாகிவிட்டது. பால்மாவுக்கும் கொப்பிக்கும் பில் காட்ட வேண்டியவள் அவள். 2024 வர்த்தமானிப்படி அவளுடைய நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. நீதிமன்றப் படியேறும் ஒவ்வொரு நாளும் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போகும். அவன் வராவிட்டால் அவனுக்கு இன்னொரு தவணை, அவளுக்கு இன்னொரு பேர் நட்டம்.

சரி, இப்படிச் சேர்ந்த கடனை அடைக்க அவள் குவைத்துக்குப் போகலாம் என்றால், அரசாங்கத்துக்குத் திடீரென்று பிள்ளைப் பாசம் பொங்கும். வீட்டு வேலைக்கு வெளிநாடு போகும் பெண்ணுக்கு 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவந்தார்கள். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போகக்கூடாது. 2022இல் பெரிய மனதுபண்ணி அதை 2 வயதாக்கினார்கள். பிள்ளையை யார் பார்ப்பார், எங்கே தூங்கும் என்று கிராம உத்தியோகத்தர் முதல் பிரதேச செயலகம் வரை விசாரித்தார்கள். தகப்பன் பஸ் ஏறிய நாளில் இந்த அதிகாரிகள் எல்லாம் எங்கே போனார்கள்? ஓடுகிற ஆம்பிளைக்குப் பின்னணியும் கிடையாது, அறிக்கையும் கிடையாது.

அவனுக்குப் பிடியாணை பிறந்தாலும், “விலாசத்தில் ஆள் இல்லை” என்று திரும்பி வரும். மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் ஐந்து தேர் புறப்படும்போது வந்து பாருங்கள். வெற்று மார்போடு வடம் பிடித்து முன்வரிசையில் வியர்த்து வழிந்துகொண்டிருப்பான். அவனுக்கு இடைஞ்சல் இல்லாமல் கூட்டத்தை ஒதுக்கி வழிவிடுவது யாரென்றும் பாருங்கள்: பொலிஸ்.