படகுக்கும் பேட்டரிக்கும் பொருத்தம் பார்க்கலாமா?

கேள்வி: உவரியில் மாமா ஃபைபர் படகு வைத்திருக்கிறார். வீட்டில் சும்மா கிடக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியை அவருக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், முருகன்குறிச்சி

பதில்: மாமா மேல் பாசம் இருந்தால் கொடுக்காதீர்கள். 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் கனக்கும். அலையில் சாய்ந்தால் ஆசிட் சிந்தும். உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும். கடலுக்கு சீல் செய்த ஏஜிஎம் வகைதான் சரி.

முதலில் கரண்டு செலவை எழுதிப் பாருங்கள். ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ், எல்இடி விளக்கு எல்லாம் சேர்ந்து 4 ஆம்பியர் என்று வைப்போம். ராத்திரி 12 மணி நேரத்துக்கு 48 ஆம்பியர்-ஹவர். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுசு தேயும். ஆகவே 100 ஆம்பியர்-ஹவராவது வேண்டும். சற்று ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் முழுசு, 12.2 என்றால் பாதி. மாமாவுக்கு ஒரு மீட்டர் வாங்கிக் கொடுங்கள், சீர் செய்த மாதிரியும் ஆச்சு.

பேட்டரி பெரிதாக இருந்தால் போதும் என்று நினைப்பதுதான் எனக்கு ஆதங்கம். அரைகுறை சார்ஜில் கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகி, எத்தனை பெரிய பேட்டரியும் சுருங்கிவிடும். நம்ம பக்கத்து வெயிலில் 100 வாட் சோலார் பலகை நாளைக்குச் சுமார் 30 ஆம்பியர்-ஹவர் தரும். எனவே இரண்டு பலகை போடுங்கள். நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம்: 14.4 வோல்ட் வரை ஏற்றி, நிறைந்ததும் 13.6-க்கு இறக்கிப் பிடித்துக்கொள்ளும். ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே இருக்கட்டும். நடுக்கடலில் தீப்பிடித்தால் எங்கே ஓடுவது? செல்ஃப் ஸ்டார்ட் எஞ்சின் என்றால் அதற்குத் தனி பேட்டரி.

கேள்வி: பழைய பேட்டரியோடு புதுசைச் சேர்த்துக் கட்டலாமா?
– வாசகர், சமாதானபுரம்

பதில்: பொருத்தம் இல்லை! புதுசு உழைத்து உழைத்துப் பழசுக்கே கொட்டும். ஒரே வகை, ஒரே அளவு, ஒரே வயசு பார்த்துச் சேருங்கள். பேரலலாகக் கட்டும்போது பிளஸ் ஒயரை ஒரு கோடியிலும் மைனஸை மறுகோடியிலும் எடுங்கள். சுமை சமமாகப் பிரியும்.

கேள்வி: பேட்டரியிலேயே ஆட்களை ஏற்றிப் படகு ஓட்ட முடியுமா? தாமிரபரணியில்?
– வாசகர், வண்ணாரப்பேட்டை

பதில்: கேரளத்தில் வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 ஜனவரியிலிருந்து 75 பேரை ஏற்றிக்கொண்டு 'ஆதித்யா' சோலார் படகு ஓடுகிறது. கூரையில் 20 கிலோவாட் பலகை, உள்ளே 50 கிலோவாட்-ஹவர் லித்தியம். நம் ஆற்றில் அணைக்கட்டுக்கு அணைக்கட்டு மறிக்கும், ஓட்டம் கஷ்டம். ஆனால் பாணதீர்த்தத்துக்கு ஒருகாலத்தில் படகு போன காரையாறு அணையில் மறுபடி அனுமதி வந்தால், அது பேட்டரிப் படகாகத்தான் வரவேண்டும். புலிகள் காப்பகம் அது. அந்தத் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம்.

கேள்வி: கடலுக்குள் பேட்டரி இறங்கிவிட்டால்?
– வாசகர், உவரி

பதில்: வயர்லெஸ்ஸையும் அடையாள விளக்கையும் தவிர எல்லாவற்றையும் அணையுங்கள். வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனல். செல்போனில் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554.