மீஞ்சூருக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவே

உத்தியோகம் புருஷலட்சணம் என்று சொல்லி வைத்த பெரியவர்கள், அந்த லட்சணம் ஸ்திரீகளுக்கும் வாய்த்துவிட்டால் குடித்தனத்தை எந்த ஊரில் வைப்பது என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டார்கள். அவர்களைக் குறை கூறுவதில் நியாயமில்லை. அவர்கள் காலத்தில் அந்தப் பிரச்னையே உற்பத்தியாகவில்லை. சென்னையில் 1931ஆம் ஆண்டு கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயிலை ஓட விட்டவர்களுடைய மனக்கண்ணில், மாம்பலத்திலோ சைதாப்பேட்டையிலோ காலையில் ஸ்நானம் செய்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வண்டியேறி, கோட்டையிலோ பாரிமுனையிலோ நாள் முழுவதும் பேனாவை ஓட்டிவிட்டு, மாலையில் அதே வண்டியில் வீடு திரும்புகிற ஒரு குமாஸ்தாதான் இருந்திருக்க வேண்டும். அவருடைய சம்சாரமும் அதே வேளையில் கைப்பையும் சாப்பாட்டு டப்பாவுமாக எதிர்ப் பிளாட்பாரத்தில் செங்கல்பட்டு வண்டிக்கு நிற்பாள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், சொன்னவருக்கு ஜுரம் கண்டிருக்கிறது என்றே முடிவு கட்டியிருப்பார்கள்.

நான் மீஞ்சூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். என் மனைவி பாரிமுனைப் பக்கத்தில் ஒரு வங்கியில் எழுத்தராக இருந்தவரையில் எங்கள் ஜாகை வண்ணாரப்பேட்டையில் இருந்தது. அவள் தெற்கே ஷேர் ஆட்டோவில் போவாள், நான் வடக்கே கும்மிடிப்பூண்டி வண்டியில் போவேன், இரண்டு பேரும் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். இந்தச் சுகத்தைக் கெடுப்பதற்கென்றே அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. வங்கிகளில் பதவி உயர்வு தனியாக வருவதில்லை. கல்யாணப் பெண்ணுக்குத் துணைக்கு வரும் அத்தை மாதிரி, மாறுதல் உத்தரவும் கூடவே வந்து வாசலில் நிற்கும். அவளை அதிகாரியாக்கிச் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அனுப்பினார்கள். குகையில் எழுந்தருளியிருக்கும் நரசிம்மரைத் தரிசிக்க வேண்டுமென்று அவள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் தினந்தோறும் தரிசிக்கும்படி அவர் அனுக்கிரகம் செய்வார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மீஞ்சூர் நகரத்துக்கு வடக்கே. சிங்கப்பெருமாள் கோவில் தெற்கே, தாம்பரம் வண்டலூர் எல்லாம் தாண்டி. இரண்டுக்கும் இடையே 70 கிலோமீட்டருக்கு மேல்.

செய்தி பரவியதும் பந்துக்கள் எல்லோரும் ஒரே அபிப்பிராயத்தைச் சொன்னார்கள்: “நடுவிலே ஒரு வீடா பார்த்துடுங்க.” நடு என்பது கேட்பதற்கு எவ்வளவு நியாயமான வார்த்தை! ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்கிற தர்மசங்கடத்தில் இருக்கும் தம்பதிகளுக்கு நடுவைவிட உத்தமமான ஸ்தானம் வேறு எது? ஆனால் ரயில் பாதையின் படத்தை விரித்து வைத்துப் பார்த்தால், எங்களுடைய நடு நுங்கம்பாக்கத்திலும் கோடம்பாக்கத்திலும் மாம்பலத்திலும் வந்து விழுகிறது. அங்கே இரண்டு அறைகள் உள்ள வீட்டின் வாடகையைக் கேட்ட பிறகு, இருவரில் ஒருவருடைய சம்பளத்தை வீட்டுக்காரருக்கும் மற்றவருடைய சம்பளத்தைக் கடன்காரருக்கும் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் காற்றை உண்டு ஜீவிக்கலாம் என்று தெரிந்தது. சமத்துவம் மிக உயர்ந்த தத்துவம். அதற்குச் சென்னையில் சதுர அடிக் கணக்கில் வாடகை வாங்குகிறார்கள்.

இந்த இடத்தில் என்னுடைய தொழில் புத்தி விழித்துக்கொண்டது. ஒரு நேர்கோட்டின் இரு முனைகளில் இரண்டு ஆபீஸ்கள் இருந்தால், அந்தக் கோட்டின்மேல் எந்தப் புள்ளியில் வீடு பார்த்தாலும் இருவரும் போகிற தூரத்தின் கூட்டுத்தொகை மாறவே மாறாது. அவளுக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்தால் எனக்கு ஒன்று கூடும், அவ்வளவுதான். நட்டநடுவுக்கு இதில் ஒரு விசேஷமும் கிடையாது. இதை நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஆனந்தத்தோடு எடுத்துரைத்தேன்.

மனைவி கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்: “அப்போ எங்கே இருந்தாலும் ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான்.”

“அப்படின்னா என் பேங்க் பக்கத்திலேயே பார்த்துடுங்களேன்.”

கணித சாஸ்திரத்தில் இதற்குப் பதில் இல்லை. மொத்தத்தைச் சொல்லுவதோடு சாஸ்திரம் நின்றுவிடுகிறது. அந்த மொத்தத்தை யார் தலையில் எவ்வளவு ஏற்றுவது என்பது குடும்ப நியாயம். அதை வாதாடித் தீர்ப்பதற்கு நம் தேசத்தில் இரவு ஒன்பதரை மணிக்கு மேல் விளக்கை அணைத்த பிறகுதான் கோர்ட்டு கூடுகிறது.

போதாக்குறைக்கு, எல்லாக் கிலோமீட்டரும் ஒரே கிலோமீட்டர் அல்ல. தாம்பரம் பாதையில் ஒரு வண்டி போய்விட்டால், போனதற்காக நாம் வருத்தப்பட்டு முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். கும்மிடிப்பூண்டிப் பாதையில் அத்தனை வண்டிகள் கிடையாது, ஒன்றைத் தவற விட்டவன் பிளாட்பாரத்துப் பெஞ்சில் அமர்ந்து விடைத்தாள் திருத்தலாம். கடற்கரையில் புறப்படும் வண்டியில் அங்கேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். அதே வண்டியில் மாம்பலத்தில் ஏறுகிறவளுக்கு மகளிர் பெட்டியாக இருந்தாலும் மேலே தொங்கும் கைப்பிடிதான் கதி. காலை நேரத்தில் பட்டணத்தை நோக்கி வருகிற வண்டியும், பட்டணத்தைவிட்டுப் போகிற வண்டியும் ஒரே பாதையில் ஓடுகின்றன என்பதைத் தவிர அவற்றுக்குள் எந்த ஒற்றுமையும் இல்லை. இவற்றோடு, தென்பாதையிலிருந்து வடபாதைக்கு மாறுகிறவன் பூங்கா ஸ்டேஷனில் இறங்கிச் சுரங்கப்பாதையில் நுழைந்து, சென்ட்ரலுக்குப் பக்கத்திலுள்ள புறநகர் நிலையத்துக்கு ஓட வேண்டும். அந்த நிலையம் பழைய மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் நிற்கிறது. 1985இல் மார்க்கெட் தீக்கிரையாகாமல் இருந்திருந்தால், வண்டியைத் தவற விட்டவன் பழைய புத்தகக் கடைகளில் நின்று மனத்தை ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

வீட்டுத் தரகர் ஒருவரைப் பார்த்தோம். அவர் எங்கள் வரலாற்றைக் கேட்டு முடித்ததும், தண்ணீர், வாடகை, முன்பணம் எதைப் பற்றியும் பேசாமல், “முதல்ல ஒண்ணு சொல்லுங்க சார், யாருக்குப் பக்கமா வேணும்?” என்றார். நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் பெருந்தன்மையோடு மற்றவரைச் சுட்டிக் காட்டினோம். அனுபவஸ்தரான அவர் பெருமூச்சு விட்டு, “பேசி முடிச்சுட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுத் தம்முடைய மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மனிதன் எந்த யுகத்தில் எந்த வாகனத்தில் போனாலும், நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரத்தையே பிரயாணத்துக்குச் செலவிடுகிறான் என்று சேசரே மார்க்கெட்டி என்கிற இத்தாலிய விஞ்ஞானி 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். நடந்து போன காலத்தில் ஊர் சிறியதாக இருந்தது, ரயில் வந்ததும் ஊர் பெருத்தது, மணிக்கணக்கு மட்டும் மாறவில்லை என்பது அவருடைய சித்தாந்தம். அவர் ஆராய்ச்சி செய்த மனிதர்களின் மனைவிமாருக்கு எதிர்த்திசையில் வங்கிக் கிளை இருந்ததாகத் தெரியவில்லை. ஆகையால் அவரை விட்டுவிட்டு இன்னும் பழையவர்களிடம் போனேன்.

17ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சு தேசத்தில் நீதிமன்ற உத்தியோகம் பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் கணக்குப் போட்ட ஃபெர்மா, பாரமானி கண்ட இத்தாலியர் டோரிசெல்லிக்கு ஒரு புதிர் போட்டார்: மூன்று புள்ளிகள் கொடுக்கப்பட்டால், மூன்றுக்கும் உள்ள தூரங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் நான்காவது புள்ளி எது? இதையே 1909இல் ஆல்ஃபிரட் வெபர் என்கிற ஜெர்மானியர் எடுத்துக்கொண்டு, ஒரு தொழிற்சாலையை எங்கே நிறுவினால் போக்குவரத்துச் செலவு குறையும் என்று ஒரு நூலே எழுதினார். தொழிற்சாலைக்கு உதவும் சாஸ்திரம் குடித்தனத்துக்கு உதவாதா? எங்களுக்கும் மூன்றாவது புள்ளி ஒன்று உண்டு. மூன்றாம் வகுப்பு படிக்கும் எங்கள் புத்திரன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனைக் கையேற்று, முகம் கழுவிவிட்டு, இரண்டு தோசை வார்த்துப் போட ஒரு பெரிய மனுஷி வேண்டும். அந்தப் பெரிய மனுஷி, அதாவது என் மாமியார், குரோம்பேட்டையில் இருக்கிறார்.

இதற்கு ஒரு பலகை வித்தை இருக்கிறது. வரிஞோன் என்பவர் பெயரால் வழங்குவது. ஒட்டுப்பலகை ஒன்றில் ஊர்ப்படத்தை ஒட்டி, மூன்று ஊர்களிலும் துளை போட்டு, துளைக்கு ஒன்றாக மூன்று நூல்களைக் கீழே இறக்கி, நுனிகளில் எடையைத் தொங்கவிட்டு, மேலே மூன்று நூல்களையும் ஒரே முடிச்சாகப் போட வேண்டும். கையை எடுத்தால் முடிச்சு தானாகவே நகர்ந்து, மொத்தத் தூரம் மிகக் குறைந்த இடத்தில் போய் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பலகையை இரண்டு நாற்காலிகளின் முதுகின்மேல் பாலமாகக் கிடத்தி, பள்ளிக்கூடத்துச் சோதனைச்சாலையிலிருந்து இரவல் வாங்கிய 200 கிராம் குண்டுகளைக் கட்டினேன். துளையின் விளிம்பில் நூல் சிக்காமல் இருக்க மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன்.

“அம்மாவுக்கும் நமக்கும் ஒரே எடையா?” என்று மனைவி விசாரித்தாள்.

“சாஸ்திரத்தில் எல்லோரும் சமம்.”

முடிச்சை நடு நகரத்தில் பிடித்துக்கொண்டிருந்த பையன் கையை எடுத்தான். அது சைதாப்பேட்டையில் ஒரு கணம் தயங்கிற்று, கிண்டியைத் தாண்டிற்று, பிறகு யாரோ கூப்பிட்டது போல விறுவிறுவென்று தெற்கே இழுபட்டுப் போய், குரோம்பேட்டைத் துளைக்குள் விழுந்து இறுகிக்கொண்டது. “பாட்டி வீடு!” என்று பையன் கைகொட்டினான். நான் மீஞ்சூர் நூலில் நைசாக இன்னொரு 100 கிராமைச் சேர்த்தேன். முடிச்சு மயிரிழையும் அசையவில்லை.

காரணம் வெகு சுலபம். முக்கோணத்தின் ஒரு மூலை 120 பாகைக்குக் குறையாமல் விரிந்திருந்தால், உத்தமமான புள்ளி வேறெங்கும் இல்லை, அந்த மூலையேதான். மீஞ்சூரும் குரோம்பேட்டையும் சிங்கப்பெருமாள் கோவிலும் ஏறக்குறைய ஒரே கோட்டில் கிடக்கின்றன. இடையில் இருப்பது மாமியார் வீடு. மருமகன் இஷ்டப்பட்டாலும் படாவிட்டாலும் க்ஷேத்திர கணிதம் அவனை அங்கே கொண்டுபோய்த்தான் விடும். மாமியாரை விட்டு விலகி வைக்கும் ஒவ்வோர் அடியும் குடும்பத்தின் மொத்தப் பிரயாணத்தில் போய்ச் சேருகிறது என்பதை, மாமியார் ஹாஸ்யம் எழுதிப் பிழைக்கும் என் சக எழுத்தாளர்கள் ஆழ்ந்து யோசிக்க வேண்டும்.

விஷயத்தைத் தெரிவிப்பதற்காக அன்று மாலையே குரோம்பேட்டைக்குப் போனோம். அத்தை காபியை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, ஃபெர்மாவையும் வெபரையும் பொறுமையாகக் கேட்டார். “இதுக்கு எதுக்கு மாப்பிள்ளே பலகையும் குண்டும்?” என்றார். “எதிர்த்த தெருவிலே மாடி காலியா இருக்குன்னு பொங்கலுக்கு வந்தப்பவே சொன்னேனே.”

அந்த மாடியிலேதான் இப்போது இருக்கிறோம். மனைவிக்குக் காலையில் கூட்டத்துக்கு எதிர்முகமாகப் போகும் வண்டி. பெரும்பாலும் ஜன்னலோரம் கிடைக்கிறது. எனக்குப் போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பூங்கா வரையில் நின்றுகொண்டும், அதற்கப்பால் ஏறக்குறைய காலியான வண்டியில் உட்கார்ந்துகொண்டும் பிரயாணம் செய்கிறேன். வங்கியில் கணக்கு நேராகாத நாட்களில் அவள் வரும் நேரத்துக்கு உத்தரவாதம் கிடையாது. பள்ளிக்கூட மணி எனக்கு வேளை தவறாமல் அடித்துவிடுகிறது. ஆகவே நீண்ட பாதி என் பங்குக்கு வந்ததில் அக்கிரமம் எதுவும் இல்லை என்று, மேற்சொன்ன இரவுக் கோர்ட்டு ஏகமனதாகத் தீர்ப்பளித்தது.

வீட்டுக்காரர் முதலில், ஊர் வழக்கப்படி பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். அவருடைய தாயாரும் அத்தையும் குமரன் குன்றத்துக் கிருத்திகைக்குச் சேர்ந்து படியேறுகிற சிநேகிதிகள். படியேறும்போது அத்தை ஒரு வார்த்தை சொல்லி வைத்ததில் பத்து ஆறாகிவிட்டது. அந்தச் சாமர்த்தியம் ஃபெர்மாவுக்குக் கிடையாது.