பள்ளத்துக்கு அட்வான்ஸ் குடுக்கப் போற மருமவனுக்கு

மருமவனே, காக்கநாட்டுல ஆறு சென்ட் முடிக்கப் போறன்னு உங்க அம்மை சொன்னா. கடம்பிரயாத்துப் பக்கமாம், இன்ஃபோபார்க்குக்குப் பத்து நிமிசமாம், நோட்டீஸ்ல 'ஆத்தைப் பாத்த வீடு'ன்னு போட்டிருக்காம். மழைக்காலத்துல யாரு யாரைப் பாக்க வருவான்னு மட்டும் புரோக்கர்ட்ட கேட்டுக்கோ.

அது வயலா கெடந்த இடம்னு தெரியும்லா? பயப்படாத, மாமன் வழி சொல்லுதேன். மொதல்ல செம்மண் அடிக்கணும். பகல்ல அடிக்கப்படாது. ஓணம், கிறிஸ்மஸ்னு சேந்தாப்ல லீவு விழுற ராத்திரியா பாத்து டிப்பரை விடணும். எர்ணாகுளம் கலெக்டர் ஆபீஸு காக்கநாட்டுலேயேதான் இருக்கு, கூப்பிடு தூரம். ஆனா லீவு அன்னைக்கு ஆபீஸுக்குக் காது கேக்காது. மண்ணு அமுங்கினதும் நாலு வாழை, ரெண்டு தென்னம்பிள்ளை. எவனாவது கேட்டா தாத்தா வச்ச தோப்புன்னு சொல்லு.

ஒரே ஒரு இடைஞ்சல் உண்டு. 2008ல கேரளாவுல நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டுட்டாவ. ஊரு ஊருக்கு வயலு, தண்ணி நிக்க இடம் எல்லாத்தையும் எழுதி 'டேட்டா பேங்க்'னு வச்சிருக்காவ. அதுலேருந்து பேரை எடுக்க அஞ்சாம் நம்பர் பாரம் எழுதி ஆர்.டி.ஓ.வுக்குக் குடுக்கணும். அவுக உன் தென்னைய நம்ப மாட்டாவ, 2008ல அந்த இடம் எப்படி இருந்துச்சுன்னு செயற்கைக்கோள் படத்தைத் தேடுவாவ. தாத்தா தோப்பு அதுல நெல்லா தெரிஞ்சா நான் பொறுப்பில்ல. டேட்டா பேங்குல ஏறாத இடம்னா கதை வேற. 2018ல சட்டத்தைத் திருத்தி, ஆறாம் நம்பர் பாரம்னு ஒரு வாசலைத் தொறந்து விட்டாவ. சட்டம் போட்டதும் அதே சபை, வாசல் வச்சதும் அதே சபை.

வயலைத் தவிர வேற எடமில்லாத சொந்தக்காரன் வீடு கட்டிக்கிடவும் சட்டத்துல எரக்கம் இருக்கு: பஞ்சாயத்துல பத்து சென்ட், நகராட்சியில அஞ்சு. திருக்காக்கரை நகராட்சி. உனக்கு ஒரு சென்ட் கூடுதே, அதுல நெல்லு போடேன். ஒரு காலத்துல எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல நெல்லு வெளஞ்ச கேரளா, இப்ப ரெண்டு லட்சத்துக்கும் கீழ நிக்கி. மிச்சச் சோறு ஆந்திரா லாரியில வருது.

அந்தத் திருக்காக்கரையிலதான் வாமனரு மாபலிகிட்ட மூணடி மண்ணு கேட்டாருன்னு ஐதீகம், கோயிலும் இருக்கு. அதே பக்கத்துல ஸ்மார்ட் சிட்டிக்குன்னு 246 ஏக்கர். 2007ல ஒப்பந்தம், 90,000 பேருக்கு வேலைன்னு பேச்சு. 2024 டிசம்பர்ல, துபாய் கம்பெனியோட கணக்கை முடிச்சிக்கிடலாம்னு அரசாங்கம் முடிவு பண்ணிச்சு. வாமனராவது வாங்கினதை அளந்து காட்டினாரு.

சரி, ஆத்தைப் பாத்த வீடுன்னா கரையையும் பாக்கணும்லா? பிரம்மபுரம் குப்பைமேடு கடம்பிரயாத்துக் கரையிலதான் கெடக்கு. 2023 மார்ச் 2ல பிடிச்ச தீ பன்னெண்டு நாளுக்கிட்ட புகைஞ்சுது. அடுக்குமாடிக்காரவுக ஜன்னலைச் சாத்திட்டு, வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட்டு உக்காந்திருந்தாவ. பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு. இதைச் சொன்னா, 'உங்க ஊரு யோக்கியமா மாமா'ம்ப. இல்லதான். திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டு இருக்க எடத்துக்குப் பேரே வேய்ந்தான்குளம்.

பத்திரம் முடிஞ்ச கையோட, ஆத்துக்குப் போற நடைபாதைய வேலி போட்டு அடைச்சிரு. தூண்டில் போடுதவன், மாடு குளிப்பாட்டுதவன்லாம் உன் வாசல் வழியா எதுக்கு? நல்லா பெரிய கேட்டா போடு. வெள்ளம் வந்தாலும் பெல் அடிச்சுட்டுத்தான் உள்ள வரும்.

நையாண்டி போதும்ல. அட்வான்ஸ் குடுக்க முன்ன கிருஷி பவன்ங்கிற விவசாய ஆபீஸுக்குப் போ, சர்வே நம்பரைச் சொல்லி டேட்டா பேங்கைப் பாரு. வில்லேஜ் ஆபீஸ் கணக்குல 'நிலம்'னு இருந்தா அங்க அது நெல்வயலு. 'புரையிடம்'னு இருந்தாத்தான் வீட்டு மனை. வாங்கினாலும் வாங்காட்டாலும் வார்டு சபைக் கூட்டத்துக்குப் போயி உக்காரு, ஆத்து வழி யாருக்குன்னு எந்திரிச்சுக் கேளு. மலையாளம் வராதுன்னு சாக்கு சொல்லாத. புரோக்கர் பேசினது மட்டும் உனக்கு நல்லாத்தான வெளங்கிச்சு?