நாடு கடத்தப்பட்டவர் சாயா குடிக்கிறார்

மாண்புமிகு கேரள உள்துறைக்கு,

பாறசாலை எல்லைக் கிராமத்துக்காரன் எழுதும் நன்றிக் கடிதம்.

2007ஆம் ஆண்டின் சமூக விரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், அதாவது நம்முடைய காப்பா, எங்கள் பக்கத்துக்கென்றே தைத்த சட்டை. அடிதடியே தொழிலாக இருப்பவரை அதன் 15ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை மாவட்டத்துக்குள் கால் வைக்க விடாமல் விரட்டலாம். இடுக்கிக்காரர் பாவம், மலையிறங்க வேண்டும். எங்கள் ஆளுக்கு அந்தச் சிரமமில்லை. எங்கள் பக்கத்து இஞ்சிவிளையிலிருந்து நடந்தால் தமிழ்நாட்டுக் களியக்காவிளை. மாவட்டம் என்ன, மாநிலத்தையே விட்டுப் போய்விட்டார்! உத்தரவை ஒன்றுக்கு இரண்டாக நிறைவேற்றிய திருப்தியோடு சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஊரிலிருந்து யார் யார் சந்தைக்கு வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். கைபேசிக்கு 15ஆம் பிரிவு பொருந்தாது.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு இன்றைய தமிழ்நாட்டுக்கு, நெய்யாற்றின்கரை கேரளத்துக்கு என்று பிரித்தார்கள். தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கேட்ட எங்கள் தாத்தாக்களை யாரும் அனுப்பிவைக்கவில்லை. இன்று நாலு அடிதடி வழக்கு இருந்தால் அரசே அனுப்பிவைக்கிறது. தமிழ்நாடும் சும்மா இல்லை. 1982 முதல் அங்கே குண்டர் சட்டம். அதற்குத் தப்பியவர் எந்தப் பக்கம் ஓடி வருவார் என்று தங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

விரட்டுவதற்குப் பதிலாகப் படிப்பைப் பரிந்துரைக்கலாம் என்றால் கை நடுங்குகிறது. 2022 அக்டோபரில் பாறசாலை மாணவர் ஒருவருக்குக் கஷாயத்தில் விஷம் கொடுத்தது எல்லைக்கு அந்தப் பக்கம். அவர் இறந்தது திருவனந்தபுரத்தில். எந்த மாநிலப் போலீஸ் விசாரிப்பது என்பதற்கே சட்ட ஆலோசனை தேவைப்பட்டது. 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் விஷம் கொடுத்தவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அவர் இலக்கியம் படித்தவர். சரி, சட்டம் தெரிந்தாலாவது கை அடங்குமா? 2018 நவம்பரில் வண்டி நிறுத்திய தகராறில் ஒருவரைக் காருக்கு முன்னால் தள்ளிவிட்டதாக வழக்கில் சிக்கியவர் நெய்யாற்றின்கரை டி.ஒய்.எஸ்.பி.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஒருவனை விரட்டும்போது அவனை யார் யாரிடமிருந்து பிரிக்கிறீர்கள்? திட்டிக்கொண்டே சோறு போடும் அம்மா, "எடே, நாளைக்கு வேலைக்கு வாறியா இல்லியா" என்று வாசலில் நிற்கும் மாமன், கடனைத் திருப்பிக் கேட்கும் குடும்பஸ்ரீ அக்கா, கேரம் போர்டுக்காகவாவது உள்ளே விட்ட வாசகசாலைக்காரர்: அவன் கொஞ்சமாவது பயப்படும் ஆட்களெல்லாம் இந்தப் பக்கம் நின்றுவிடுகிறார்கள். கூடவே போவது கூட்டாளிகள்தான். அவர்களிடம் அறை இருக்கிறது, பைக் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. என்ன வேலை என்பது வேறு விஷயம். ஓராண்டு அந்தப் பயிற்சி முடித்துத் திரும்புகிறான். செலவு அரசுக்கு இல்லை என்பது ஆறுதல்.

2008இல் தாங்களே தொடங்கிய ஜனமைத்ரி போலீஸ் வீடு வீடாக வந்து பேச வேண்டியவர்கள். வந்தால் அம்மாவிடம் பேசலாம். மகனிடம் பேச வேண்டுமென்றால் வேறு மாநிலத்துக்குப் போகவேண்டும்.

ஆகவே பணிவான விண்ணப்பம்: விரட்டும் உத்தரவில், அவன் திரும்பும் தேதிக்குப் பக்கத்தில், அன்று அவனை எதிர்கொள்ளப்போகும் வார்டு மெம்பர் பெயரையும் வேலை தரப்போகிறவர் பெயரையும் ஒரு வரி சேர்க்கவும். இயலாதென்றால் எல்லைக்கல்லை இன்னும் பத்து மைல் தள்ளி நடவும். அவனுக்குப் பஸ் கட்டணமாவது ஆகட்டும்.

இப்படிக்கு,
எல்லையோரத்துக் குடிமகன்

நகல்: கன்னியாகுமரி மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு, வரவேற்பு ஏற்பாடுகளுக்காக.