மாதக்கணக்கர்

மாதக்கணக்கரை அடையாளம் காண்பது சுலபம். ஒரு குழந்தையைப் பார்த்தால் மற்றவர்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள், பெயர் கேட்பார்கள், மூக்கு யார் ஜாடை என்று தீர்ப்புச் சொல்வார்கள். இவர் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை மாசம்?" பதில் வந்ததும் கண் மேலே போகும். மனசுக்குள் ஒரு கழித்தல் நடக்கிறது. நம்ம பாப்பாவைவிட பதினோரு நாள் சின்னவன், ஆனால் பிடிக்காமல் உட்கார்கிறான். அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்காது.

வயது முப்பதுக்கு மேல், நாற்பதுக்குள். முதல் குழந்தை. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டியோ, கோவையில் சரவணம்பட்டிப் பக்கமோ ஒன்பதாவது மாடியில் குடியிருப்பார். ஆபீசில் எந்த வேலை எத்தனை நாள் பிந்தியது என்று வாரா வாரம் கணக்குக் கொடுத்துப் பழகியவர், அதே கணக்கை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். லேப்டாப்பில் ஓர் எக்செல் கோப்பு இருக்கிறது. தலை நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, தவழ்ந்தது என்று வரிசைகள். எதிர்பார்த்த தேதி, நடந்த தேதி, வித்தியாசம் என்று கட்டங்கள். வித்தியாசக் கட்டம் சிவப்பானால் அன்றைக்கு வீட்டில் டிவி கிடையாது.

அவருடைய கணிதத்தில் ஒரு சலுகையும் உண்டு. 37 வாரம் முடியுமுன் பிறந்த குழந்தைக்கு, 40 வாரத்துக்கு எத்தனை குறைகிறதோ அதைக் கழித்துத்தான் வளர்ச்சியை எடைபோட வேண்டும் என்பது மருத்துவர்களின் முறை. இவர் பாப்பா பிறந்தது 38 முடிந்து. குறைமாதமே இல்லை. ஆனாலும் பக்கத்து ஃபிளாட் குழந்தை முந்திக்கொண்டால் இவர் இரண்டு வாரத்தைக் கழித்துக்கொள்வார். பாப்பா முந்திக்கொண்டால் கழிப்பதில்லை.

இப்படிக் குறித்துவைப்பதில் அவருக்குப் பெரிய முன்னோடி ஒருவர் இருக்கிறார்: சார்லஸ் டார்வின். 1839 டிசம்பர் கடைசியில் பிறந்த மூத்த மகனை அவர் ஏழாம் நாளே விடவில்லை. உள்ளங்காலைக் காகிதத் துண்டால் தீண்டி, குழந்தை காலை வெடுக்கென்று இழுப்பதைக் குறித்துக்கொண்டார். உண்மையான சிரிப்பு 45ஆம் நாள். சரியாக ஒரு வயதில் சாப்பாட்டுக்கு 'மம்' என்று பையனே ஒரு சொல்லை உண்டாக்கிக்கொண்டான். இன்னொரு குழந்தை சிரித்தது 46ஆம் நாள். ஒரு நாள் பிந்திவிட்டதே என்று டார்வின் யாரையும் போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை. 37 வருஷம் கழித்து, 1877இல்தான் இந்தக் குறிப்புகளை 'மைண்ட்' இதழில் அச்சேற்றினார். மாதக்கணக்கருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பாப்பா 'ப்பப்பா' என்றாள். மறு நிமிஷம் குடும்பக் குழுவில் 'அப்பா சொல்லிட்டா' என்று செய்தி போய்விட்டது. அந்த வேளையில் பாப்பா பார்த்துக்கொண்டிருந்தது சீலிங் ஃபேனை.

அவர் படிக்காதவர் அல்லர். படிப்பதுதான் சிக்கல். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து போய்ப் பார்த்து, 2006இல் ஒரு பட்டியல் வெளியிட்டது. இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லிக்காரர்கள். பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள், தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள். நல்ல ஆரோக்கியத்தோடு, நல்ல வசதியோடு வளர்ந்த குழந்தைகளுக்குள்ளேயே ஒருத்தி நடப்பதற்கும் இன்னொருவன் நடப்பதற்கும் ஒன்பது மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கலாம் என்று அர்த்தம். முந்தியவருக்குப் பரிசு என்று அதில் எங்கேயும் எழுதியில்லை. மாதக்கணக்கர் இதை முழுக்க வாசித்தார். அவர் நினைவில் நின்றது 3.8ம் 8.2ம்தான். வலது பக்கத்து எண்களை அச்சுப்பிழை மாதிரி தாண்டிப் போய்விட்டார்.

அதே ஆய்வில் 4.3 சதவீதக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. வேறு வழியில் நகர்ந்து, எழுந்து, நடந்துவிட்டார்கள். 2022இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதை அடியோடு எடுத்தே விட்டது. அந்தச் செய்தி வந்த அன்று மாதக்கணக்கர் கோப்பைத் திறந்து தவழும் வரிசையை அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. 'கூடுதல் மதிப்பெண்' என்று பெயரை மாற்றினார்.

மாமனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊரிலிருந்து வந்தவர், பாப்பா குப்புறக் கிடந்து தலையைத் தூக்கி ஆடுவதைப் பார்த்து, "செங்கீரை ஆடுறா, மாப்பிள்ளை!" என்று பூரித்துப்போனார். மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. பிள்ளைத்தமிழில் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பாட்டியல் என்கிற இலக்கண நூல்கள் மாதம் சொல்லியிருக்கின்றன என்று பெரியவர் விளக்கினார். விளக்கியது பிசகு.

"செங்கீரை எத்தனாவது மாசம், மாமா?"

"அஞ்சு."

பாப்பாவுக்கு ஆறரை. மாப்பிள்ளை முகம் போன போக்கைப் பார்த்து, எல்லாப் பாட்டியலும் ஒரே கணக்குச் சொல்வதில்லை, நூலுக்கு நூல் மாறும் என்று மாமனார் சமாதானம் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. மூன்றாம் மாதம் தொடங்கி 21ஆம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களாக அடுக்கும் கணக்கு ஒன்று அன்று ராத்திரியே எக்செலில் புதுக் கட்டமாக ஏறிவிட்டது. முருகனுக்கும் மீனாட்சிக்கும் பருவம் பிரித்துப் பாடிய புலவர்களில் ஒருவராவது, தம்பி சப்பாணி கொட்டிய வயதில் அண்ணன் பிள்ளையார் கொட்டவில்லை என்று பாடியிருப்பாரா?

சப்பாணி என்பது கைதட்டி விளையாடுவது. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவான, 17 அம்சம் கொண்ட சோதனைப் படத்திலும் கைதட்டும் விளையாட்டு ஓர் அம்சம். குழந்தையின் வயதுக்கு நேராக மேலிருந்து கீழே ஒரு கோடு போட வேண்டும்; கோட்டுக்கு இடப்பக்கம் முழுசாக விழுந்த ஏதாவதொன்றைக் குழந்தை செய்யாவிட்டால்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும். சில நிமிஷ வேலை. மாதக்கணக்கர் அதை ஏ-3 தாளில் அச்செடுத்து வந்தார். கோட்டைக் கூசாமல் ஒரு மாதம் வலப்பக்கம் தள்ளிப் போட்டார், முன்னெச்சரிக்கையாம்.

அடுத்த கட்டம் பயிற்சி. சோபாவின் ஒரு முனையில் பாப்பா, மறு முனையில் செல்போன். 1929இல் வெளியான ஆய்வொன்றில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னால்டு கெசல் இரட்டைக் குழந்தைகளை வைத்து இதைச் செய்து பார்த்திருக்கிறார். ஒரு குழந்தைக்கு 46ஆம் வாரத்திலிருந்து ஆறு வாரம் படியேறப் பயிற்சி. மற்றதை அப்படியே விட்டுவிட்டு, 53ஆம் வாரத்திலிருந்து இரண்டே வாரம் பயிற்சி. சீக்கிரமே இரண்டும் சமமாக ஏறின. மாதக்கணக்கர் இதைப் படித்திருந்தால் தூக்கம் கெட்டிருக்கும். படிக்கவில்லை, சக்கரம் வைத்த வாக்கர் வாங்கிவந்தார். கனடாவில் 2004 முதல் விற்கக்கூடத் தடைசெய்யப்பட்ட சாமான் அது. அதில் உட்கார்ந்து உருளும் குழந்தை மாடிப்படியில் கவிழ்கிறது. நடையும் அதனால் முந்துவதில்லை. "நம்ம ஊர் நடைவண்டி என்ன கெட்டுப்போச்சு? அதுல எழுந்து நின்னு தள்ளணும். இதுல உட்கார்ந்துகிட்டே சவாரி" என்றார் அவருடைய அம்மா. நியாயமான பேச்சு. ஆனால் அதே வாயால், பேச்சு சீக்கிரம் வர நாக்கில் வசம்பு தடவ வேண்டும் என்றும் அவர் சொன்னதால் முழு மதிப்பெண் தர முடியவில்லை.

இதெல்லாம் ஆண்களின் கதை என்று நினைக்க வேண்டாம். மாதக்கணக்கிகளும் ஏராளம். ஒரு வித்தியாசம்: அப்பா கவலைப்பட்டால் அது பொறுப்பு, அம்மா கவலைப்பட்டால் "உனக்குப் பால் பத்தலை, அதான் பிள்ளை நகரலை" என்று விசாரணை அவள் பக்கம் திரும்பிவிடும். அதனால் அவள் சத்தமில்லாமல், நள்ளிரவில், போன் வெளிச்சத்தைக் குறைத்துவைத்துத் தேடுவாள்.

எதிர்த்தரப்பும் ஒன்று உண்டு. "ஐன்ஸ்டீனே லேட்டாத்தான் பேசினாராம், எல்லாம் தானா வரும்" என்கிற கட்சி. மாதக்கணக்கரைவிட ஆபத்தானவர்கள் இவர்கள்தான். சில சங்கதிகளில் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, 18 மாதமாகியும் நடக்காத குழந்தை, முன்பு செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்ட குழந்தை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் நீட்டி மறு கையை மடக்கியே வைத்திருக்கும் குழந்தை — இவற்றை உடனே காட்ட வேண்டும். இதற்கென்றே அரசின் இலவச ஏற்பாடு 2013இலிருந்து இருக்கிறது. மாவட்டங்களில் தொடக்கநிலையிலேயே கவனிக்கும் மையங்களும் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், மாதக்கணக்கரின் கோப்பில் நாற்பது வரிசை இருந்தும் கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று ஒரு வரிசை இல்லை. அதில் போட்டி கிடையாதே!

பதினாறாவது மாதம் அவர் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார். கூட மனைவி, அம்மா, ஏ-3 தாள். பாப்பா இன்னும் தனியாக நடக்கவில்லை. உட்கார்ந்தபடியே தரையில் தேய்த்துக்கொண்டு வீடு முழுக்கப் போகிறாள். டாக்டரம்மா தாளைத் தொடவில்லை. சாவிக்கொத்தை முதுகுக்குப் பின்னால் குலுக்கினார், பாப்பா திரும்பினாள். காலை நீட்டி மடக்கிப் பார்த்தார், அக்குளில் பிடித்து நிறுத்திப் பார்த்தார்.

"இப்படி உட்கார்ந்தே தேய்ச்சு நகர்ற குழந்தைங்க கொஞ்சம் லேட்டாதான் சார் நடப்பாங்க. பதினெட்டு மாசத்துல ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. இது குடும்பத்துல வரும். உங்க பக்கம் யாராவது அப்படி இருந்தாங்களா?"

"இல்லை மேடம்" என்றார் மாதக்கணக்கர், திட்டவட்டமாக.

"ஏன் இல்லே? இவனேதான்!" என்றார் அம்மா. "ஒண்ணே முக்கால் வயசு வரைக்கும் தேய்ச்சுதான் போவான். ஒரு ஜட்டிக்கு அடி மிஞ்சினதில்லே."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

பதினேழாவது மாதம் பாப்பா நடந்தாள். 17.6க்குள்தான். அந்த எண்ணை இவர் முதன்முதலாக அன்றைக்குத்தான் கவனித்தார், பிறகு எல்லோருக்கும் மேற்கோள் காட்டினார்.

இப்போது வீட்டில் இரண்டாவது, பையன். அதே டாக்டரம்மா தடுப்பூசி போட்டபடியே, "எப்போ சார் உட்கார ஆரம்பிச்சான்?" என்று கேட்டார். மாதக்கணக்கர் செல்போனில் கோப்பைத் திறந்தார். இரண்டாம் பக்கத்தில் பெயர் இருந்தது, பிறந்த எடை இருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை. மனைவியைப் பார்த்தார்; அவள் அவரைப் பார்த்தாள்.

"அதான்டா, லிஃப்ட் நின்னுபோய் நீ ஒம்போது மாடியும் ஏறி வந்தியே, அன்னைக்கு" என்றார் அம்மா.

"அது எந்த மாசம்?" என்றார் டாக்டரம்மா.

மாதக்கணக்கர் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து 'லிஃப்ட் ரிப்பேர்' என்று தேட ஆரம்பித்தார். அறுபத்து மூன்று செய்திகள் வந்தன.